அடுப்பங்கரையின் வரலாறும் பழைய வீட்டின் புதுப்பிப்பும்

கோட்டைகளுக்கு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. பள்ளிவாசல்களையும் தர்காக்களையும் பற்றி நூல்கள் பல உள்ளன. ஆனால் மூன்று வேளையும் நமக்கு உணவளித்த அடுப்பங்கரையின் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலரே. அரசவையில் நடந்தவற்றை ஏட்டில் பொறித்தவர்கள் அடுக்களையில் நடந்ததை ஒரு செய்தியாகவே கருதவில்லை.

எனினும், அந்த வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டிய தேவை இன்று பல குடும்பங்களுக்கு நேர்ந்துள்ளது. சென்னையின் தென்புறத்தே தாம்பரம், சேலையூர் வட்டாரத்தில் பாட்டனார் காலத்து வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்புவோர் பலர். இடிக்க மனமின்றிச் செப்பனிட்டு வாழ விரும்புவோரும் உளர். இவர்கள் கையில் இருப்பதோ அளவான தொகை. வேலை என்று தொடங்கியதும் சமையலறையே முதலில் கண்முன் வந்து நிற்கிறது. கடைகளில் பளபளக்கும் அலமாரிகளைக் கண்டு, இருக்கும் பணத்தையெல்லாம் அவற்றிலேயே செலவிட்டுவிட்டுப் பின்னர் வருந்துவோரை நாம் கண்டிருக்கிறோம். எதற்கு முதலில் செலவிடுவது என்னும் கேள்விக்கு, அந்த அறை எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்தால் விடை கிடைக்கும்.

சொற்கள் கூறும் செய்தி

பழந்தமிழர் சமையலறையை ‘அட்டில்’ என்றனர். அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு, அடுக்களை என்பனவும் அவ்வழிப் பிறந்தவையே. நம் இல்லங்கள் சிலவற்றிலும் இலங்கையிலும் வழங்கும் ‘குசினி’ போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த சொல். அலமாரி, மேசை, ஜன்னல், சாவி ஆகியவையும் அவர்களது கப்பல்களில் வந்திறங்கியவையே. பலர் ஒன்றாக அமர்ந்துண்ணும் பெருந்தட்டைக் குறிக்கும் ‘சஹன்’ அரபுச் சொல். ஆக, நம் சமையலறை எக்காலத்தும் புதியதை ஏற்க மறுத்ததில்லை. வந்ததைத் தன் வசதிக்கேற்ப இருத்திக்கொண்டது. இன்றைய புதுப்பிப்புக்கும் அதுவே நல்ல முறை.

சேலையூரின் பழைய வீடுகள்

ஏரியும் வயலுமாக இருந்த சேலையூர், நகரத்தோடு நெருங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1931 இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937 இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அதன் மாணவர் விடுதிகளுள் ஒன்றுக்குச் ‘சேலையூர் ஹால்’ என்றே பெயர். இரயில்வே ஊழியரும் ஆசிரியரும் சிறு வணிகரும் குடியேற, ஊர் வளர்ந்தது. 2021 இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது சேலையூரும் அதில் அடங்கிற்று.

இத்தகைய ஊர்களில் எஞ்சியுள்ள பழைய வீடுகளை இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, சீமை ஓடு வேய்ந்த வீடு. 1865 இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் தென்னாடெங்கும் பரப்பிய வகை அது. மற்றொன்று, ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் மட்டப்பா வீடு. தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைக் கோணவாட்டில் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளமிட்டு, தட்டோடு பதித்து முடிப்பார்கள். சுவரும் சுண்ணாம்புச் சாந்தால் ஆனதே.

இவ்வீடுகளில் முன்கூடம் உயர்ந்திருக்கும், திண்ணை அழகாயிருக்கும். சமையலறையோ கொல்லைப்புறத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். நெருப்புக்கு அஞ்சியும், கிணறு அருகில் வேண்டும் என்பதாலும், பெண்மக்கள் அயலார் பார்வையின்றிப் புழங்குவதற்காகவும் அவ்வாறு அமைத்தனர். காரணங்கள் நியாயமானவையே. ஆனால் பின்னால் தள்ளப்பட்ட அறைக்குச் செலவும் குறைக்கப்பட்டது. கூரை தாழ்ந்தது, ஜன்னல் சிறுத்தது. வீட்டுக்காரர் மிச்சப்படுத்திய பணத்துக்கு ஈடாக, அங்கே நின்ற தாய்மார்கள் தம் கண்ணையும் மூச்சையும் கொடுத்தார்கள்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் நிலைமை சற்று வேறு. மணமான பெண் தாய்வீட்டிலேயே தங்கும் வழக்கம் அங்குண்டு. ஆகவே தாயும் மகளும் சகோதரிகளும் சேர்ந்து புழங்குவதற்கு ஏற்ற இடமாகச் சமையற்கட்டு அமைய வேண்டியிருந்தது. நோன்புக் காலத்துக் கஞ்சிக்கும் கல்யாணச் சோற்றுக்கும் பல கைகள் வேண்டும். அது ஒருவர் நிற்கும் அறையன்று. ஒரு கூட்டம் உழைக்கும் களம்.

புகையோடு நடந்த போராட்டம்

அடுப்பங்கரை வரலாற்றின் பெரும்பகுதி புகையோடு நடந்த போராட்டமே. நம் பாட்டிமார் மண்ணைக் குழைத்துக் கொடியடுப்பு அமைத்தார்கள். பெரிய வாயில் எரியும் தீயின் வெப்பம் உள்வழியே சென்று பக்கத்துச் சிறு வாயிலும் ஒரு சட்டியைக் கொதிக்கவைக்கும். ஒரே விறகில் இரு வேலை முடிந்தது. புகை மட்டும் தீரவில்லை.

தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கம் 1934 இல் வார்தாவில் அமைந்தது. அதன் இருப்பிடமான மகன்வாடியில் உருவானதே புகைபோக்கியுடன் கூடிய ‘மகன் சூளா’ என்னும் அடுப்பு. பின்னர் ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, ஒரே தீயில் பல கலங்களைச் சூடாக்கிப் புகையைக் கூரைக்கு மேலே அனுப்பும் மண் அடுப்பை வகுத்தார். ‘இலட்சோபலட்சம் மக்களுக்குப் புகையற்ற சமையலறைகள்’ என்று பொருள்படும் அவரது ஆங்கில நூல் 1953 இல் சென்னையிலேயே அச்சாயிற்று. கொடியடுப்பின் தத்துவத்தோடு ஒரு புகைபோக்கியைச் சேர்த்தால் ஏழையின் வீட்டிலும் புகை நீங்கும் என்பதே அவர் கண்ட வழி. அந்நூல் வெளிவந்து பல்லாண்டுகள் கடந்த பின்னும் துயரம் முற்றிலும் ஒழியவில்லை. வீட்டுக்குள் எழும் புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இதே இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் எளியோருக்கான வீடுகள் எழுந்தபோது, 1926 இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வகுத்தார். அகலம் ஏறக்குறைய ஆறேகால் அடி. நீளம் பதினொன்றேகால் அடி. இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் மிகக் குறுகிய இடத்தில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைப்பதைக் கண்டு, பெண்கள் நடக்கும் அடிகளையும் செலவிடும் நேரத்தையும் அளந்து, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் அமைத்தார். அத்தகைய சமையலறைகள் ஏறத்தாழ 10,000 கட்டப்பட்டன. இன்று கடைகளில் விற்கப்படும் ‘மாடுலர் கிச்சன்’ அதன் வழித்தோன்றலே.

ஆனால் அதிலும் குறையுண்டு. ஒருவர் நின்றால் மற்றவர் நுழைய முடியாத அறை அது. தாயும் மகளும் மருமகளும் கூடிச் சமைக்கும் வீட்டுக்கு அதை அப்படியே கொண்டுவந்து பொருத்தினால், பணமும் போகும், உறவும் நெருக்கடிக்குள்ளாகும். அதிலிருந்து நாம் கற்க வேண்டியது அலமாரியின் பளபளப்பையன்று. சமைப்பவரின் அடிகளை எண்ணிப் பார்த்த அக்கறையை.

நம் நாட்டில் மாற்றம் எரிபொருள் வழியே வந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு முதலில் வந்தது. 1955 இல் பர்மா ஷெல் நிறுவனம் பம்பாயில் சமையல் எரிவாயுவை அறிமுகம் செய்தது. 1965 இல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ‘இண்டேன்’ கல்கத்தாவில் தொடங்கிற்று. குந்தியிருந்து சமைத்தவர்கள் நின்று சமைக்கலாயினர், மேடை பிறந்தது. ஆனால் பல பழைய வீடுகளில் அடுப்பு மாறியதே தவிர, அறை மாறவில்லை. விறகுக்கென அமைந்த இருட்டறைக்குள் எரிவாயு வந்து அமர்ந்தது.

செலவின் வரிசை

இவ்வளவும் அறிந்தபின் பணத்தை எவ்வரிசையில் செலவிடுவது என்பது தெளிவாகும்.

முதலாவது, காற்றும் வெளிச்சமும். பழைய வீட்டில் புகை போக ஒரு துவாரம் எங்கேனும் இருக்கும், பிற்காலத்தில் அடைத்திருப்பார்கள். அதைத் திறந்து காற்றாடி பொருத்தினால் புதிதாகச் சுவரைக் குடைய வேண்டியதில்லை. ஒன்று கவனிக்கத்தக்கது: விறகுப் புகை மேலே எழும், கசியும் எரிவாயுவோ காற்றைவிடக் கனமானதால் தரையில் தங்கும். ஆகவே மேலே ஒரு வழி போதாது. தரையை ஒட்டியும் ஒரு திறப்பு வேண்டும்.

இரண்டாவது, நீர். பாத்திரம் கழுவும் அங்கணம் இருந்த மூலையிலேயே தொட்டியை அமைத்தால், தரையின் வாட்டமும் கழிவுநீர்ப் பாதையும் முன்னோர் வகுத்தபடியே பயன்படும். நீளும் குழாய்க்கும் தரை உடைப்புக்கும் ஆகும் செலவு மிஞ்சும்.

மூன்றாவது, சுவரும் கூரையும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூச்சு உப்பி உதிரும். சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலேயே செப்பனிடுவது நன்று. கூரைக் கட்டைகளின் முனைகள், சுவருக்குள் செல்லும் இடத்தில் செல்லரித்திருக்கின்றனவா எனத் தச்சரைக் கொண்டு பார்த்த பிறகே மற்ற வேலை. மட்டப்பாவின்மேல் தண்ணீர்த் தொட்டியைச் சுமத்துவது ஆபத்து.

நான்காவது, மின்சாரம். பழைய வீட்டுக் கம்பிகள் சில விளக்குகளையும் ஒரு விசிறியையும் எண்ணி இழுக்கப்பட்டவை. மாவரைக்கும் இயந்திரமும் குளிர்பெட்டியும் வந்தபின் அவை தாங்கா. சமையலறைக்கெனத் தனிக் கம்பியும் முறையான எர்த் இணைப்பும் இன்றியமையாதவை.

ஐந்தாவது, மேடை. அதன் உயரத்தைக் கொத்தனார் தீர்மானிக்கலாகாது. சமைப்பவர் நிமிர்ந்து நிற்க, அவரது முழங்கைக்கு அரைச்சாண் கீழே மேடை அமைய வேண்டும். விலை மலிவென்று கடப்பைக்கல்லைப் போடுவோர் பலர். அது சுண்ணாம்புக்கல் இனம். புளியும் எலுமிச்சையும் பட்டால் அரிக்கும். புழங்கும் மேடைக்குக் கிரானைட்டும் உள் தட்டுகளுக்குக் கடப்பையும் என்று பகிர்ந்தால் பணமும் மிஞ்சும், கல்லும் நிலைக்கும்.

இவை முடிந்து பணம் எஞ்சினால் அலமாரி. பழைய சுவரின் மாடக்குழிகளை அடைத்துவிடாமல் தட்டிட்டுப் பயன்படுத்தலாம். கனத்த பெட்டிகளைச் சுண்ணாம்புச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவதைவிடத் தரையில் நிற்கும் தட்டுகளே பாதுகாப்பு. கதவுகளை அடுத்த ஆண்டு பொருத்திக்கொள்ளலாம். அடைபட்ட கழிவுநீர்ப் பாதையை அடுத்த ஆண்டுக்குத் தள்ள முடியாது. அறையின் ஒருபக்கம் தரையை வெறுமையாக விட்டுவைப்பதும் நலம். அரிவாள்மனை முன் அமரும் பெரியம்மாவுக்கும், நோன்புக் காலத்துப் பெரிய தேக்சாவுக்கும் அந்த இடம் வேண்டும்.

முன்னோர் கட்டிய வீட்டைக் காப்பது நல்ல செயல். ஆனால் அவர்கள் செய்த சிக்கனத்தையும் சேர்த்துக் காக்க வேண்டியதில்லை. முன்கூடத்துக்குத் தாராளமும் அடுப்பங்கரைக்குக் கருமித்தனமும் காட்டிய பழக்கம், அழகிய அலமாரிகளுக்குப் பின்னால் இன்றும் ஒளிந்து வாழக்கூடும். வேலை தொடங்குமுன் அந்த அறையில் அன்றாடம் நிற்பவரை அழைத்து, கண் எரிவது எங்கே, முதுகு வலிப்பது எப்போது, தண்ணீர் தேங்குவது எவ்விடம் என்று கேட்போம். அவர் கூறும் விடைகளை ஒரு தாளில் எழுதுவோம். கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு அதுவே.