ஒரு சேனல் மட்டும் ஊமையானால்

ரேடியோ என்றால் நம் கடற்கரைக்காரர்களுக்கு இலங்கை வானொலிதான். திருச்சி நிலையம் கரகரத்தாலும் கொழும்பு கணீரென்று கேட்கும். கடல் ஒன்றுதானே குறுக்கே, அதற்குச் சத்தத்தை மறைக்கத் தெரியாது என்பார்கள் பாம்பன் பெரியவர்கள். ஆனால் கேட்பதற்கு மட்டும் அல்ல, ஏவுவதற்கும் ரேடியோ உண்டு. தூரத்தில் இருக்கும் ஒரு பொருளைக் கம்பி இல்லாமல் "இப்படித் திரும்பு, அப்படி நில்" என்று ஆட்டிவைக்கிற ரேடியோ. அதைப் பற்றியும், அதில் ஒரு வழி மட்டும் அடைத்துக்கொண்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். கடைசியில் அது நம் ராமேசுவரத்துக்காரர் ஒருவரிடம் போய்த்தான் நிற்கும்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, மார்க்கோனியைவிட முதலில் தெரிந்த பெயர் எதுவார் பிரான்லி. பாரிசு கத்தோலிக்கக் கல்விக்கூடத்துப் பேராசிரியர். 1890இல் அவர் செய்த கருவியைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் அரத்தால் ராவிய உலோகத் தூள், அவ்வளவுதான். சாதாரணமாக அந்தத் தூள் மின்சாரத்தை எளிதில் விடாது. எங்கேயோ தள்ளி ஒரு மின்பொறி பறந்தால், அந்த அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விட்டுவிடும். பொறி நின்ற பிறகும் வழி திறந்தபடியே இருக்கும். குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டினால்தான் மறுபடி மூடும். வீட்டு ரேடியோவின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி வழிக்குக் கொண்டுவந்த நமக்கு இது புதிதா என்ன! ஆனால் விளையாட்டாக விட்டுவிடாதீர்கள். கட்டளை வந்தது, வழி திறந்தது, மூட மறந்தது. இந்த மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நம் நாட்டிலும் அதே காலத்தில் இந்த வேலை நடந்திருக்கிறது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1895 வாக்கில் பலர் முன்னிலையில், சுவருக்கு அப்பால் இருந்த மணியைக் கம்பி இல்லாமல் அடித்துக் காட்டினார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். 1898இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு தொட்டித் தண்ணீரில் சிறு படகை விட்டு, தூரத்தில் நின்றே அதைத் திருப்பினார். உள்ளே ஆள் இருக்கிறதோ, குரங்கு இருக்கிறதோ என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்களாம்.

விமானத்துக்கு வருவோம். அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் 1937இல் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தை ரேடியோவால் பறக்கவிட்டார்கள். அந்தத் தலைமுறை விமானங்கள் பலவற்றில் இருந்தது ஒரே ஒரு சேனல். முறுக்கிய ரப்பர் ஒன்று உள்ளே காத்திருக்கும். கீழே நிற்பவர் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் வால் வலது பக்கம் திரும்பும், விட்டால் நடுவுக்கு வரும், மறுபடி அழுத்தினால் இடது பக்கம். அடுத்தது எந்தப் பக்கம் என்பதை அழுத்துகிறவர்தான் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு வந்தது நாக்குத் தகடு வைத்த ரிசீவர். நம் ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாக்கு இருக்கிறதல்லவா? அதேபோல ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு தகடு துடிக்கும், ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு வேலை. 1960களில் அதுவும் போய், குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே இறக்கைப் பலகையும் அசைகிற முறை வந்தது.

ஒரே சேனல் இருந்த காலத்தில் கேட்டால் எல்லாமே கேட்டது. சேனல்கள் பல ஆன பிறகுதான், 'எது கெட்டது?' என்ற கேள்வியே பிறந்தது.

எங்கள் தெருவில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை ஒருவன் தெர்மோகோலில் விமானம் செய்கிறவன். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதால் இந்தப் பக்கம் நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது, கல்லூரி இருக்கும் ஊரில் அனுமதியுள்ள மைதானத்தில்தான் விடுவான். விடுமுறையில் வந்தவன் ஒரு நாள் திண்ணையில் வந்து உட்கார்ந்தான்.

"தாத்தா, எலிவேட்டர் அசையவே மாட்டேங்குது. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. ரிசீவர் போயிருச்சு, புதுசுதான் வாங்கணும்."

"முதல்ல முன்னாடி இருக்கிற புரொப்பெல்லரைக் கழட்டு தம்பி. அப்புறம் பேசுவோம்."

கையில் வைத்துச் சோதிக்கும்போது மோட்டார் தற்செயலாகச் சுற்றினால் விரல் போய்விடும். எலிவேட்டர் என்பது வாலில் கிடையாக இருக்கும் பலகை, மூக்கை மேலே தூக்குவதும் கீழே இறக்குவதும் அதுதான். தரையில் செத்தால் பிழைத்தோம், வானத்தில் செத்தால் விமானம் போச்சு. அதை அசைக்கிற சின்ன மோட்டாருக்கு சர்வோ என்று பெயர். ரிசீவரிலிருந்து அதற்கு மூன்று கம்பிகள் போகும். இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று கட்டளைக்கு. விநாடிக்கு சுமார் 50 முறை அந்தக் கம்பியில் ஒரு துடிப்பு வரும். துடிப்பின் நீளம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஒரு ஓரம், இரண்டு பங்கு என்றால் மறு ஓரம், ஒன்றரை என்றால் நடு. இந்தக் கணக்கை எனக்குச் சொன்னதே அந்தப் பிள்ளைதான்.

நான் சொன்னது பழைய ரேடியோக் கடை வைத்தியம். அந்தக் காலத்தில் எந்த வால்வு போனது என்று பார்க்க, நன்றாகப் பாடுகிற பெட்டியிலிருந்து ஒரு வால்வைக் கழற்றி இதில் செருகிப் பார்ப்பார்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால், பெட்டி பாடும், ஆனால் எது நோய் என்று தெரியாமலே போய்விடும். அலுவலகத்தில் காணாமல் போன கோப்பைத் தேடுவதும் இப்படித்தான். தபால் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, எந்த மேசை வரை கையெழுத்து இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால், கையெழுத்து நின்ற இடத்துக்கு அடுத்த மேசையில்தான் கோப்பு தூங்கும். பீரோ பீரோவாக உருட்டினால் தூசிதான் கிளம்பும்.

எலிவேட்டர் சர்வோவின் செருகியை எடுத்து, வேலை செய்கிற ரட்டர் சேனலில் செருகச் சொன்னேன். அசைந்தது. ஆக சர்வோவும் அதன் கம்பியும் நல்லவை. ரட்டர் சர்வோவை எலிவேட்டர் சேனலில் செருகினான். அசையவில்லை. கையில் இருக்கும் ரிமோட்டின் திரையில் எலிவேட்டர் குச்சியை ஆட்டினால் கோடு ஏறி இறங்கியது, அதாவது கட்டளை ரிமோட்டுக்குள் ஒழுங்காகப் பிறக்கிறது. மிச்சம் இருந்தது ரிசீவரின் அந்த ஒரு வாசல். என் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அந்த ஊசிகளில் பச்சைக் களிம்பு. நம் உப்புக்காற்று எதைத்தான் விட்டது! ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது. உடனே மூடாதே, கம்பியை நாலு பக்கமும் ஆட்டிக்கொண்டே அரை மணி நேரம் ஓட்டு, உள்ளே பற்றுவைப்பு விட்டிருந்தால் அப்போதுதான் தெரியும், அப்படி ஒரு முறை தவறினாலும் அந்த ரிசீவரை வானத்துக்கு அனுப்பாதே என்றேன்.

இதில் நமக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. கெட்ட பொருள் நம் கையில் இருக்கிறது. அது கடலுக்குள் போய்விட்டால்?

1979 ஆகஸ்ட் 10, காலை 7 மணி 58 நிமிடம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 முதன்முறையாகக் கிளம்பியது. 23 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்கு. அதன் திட்ட இயக்குநர், ராமேசுவரம் மசூதித் தெருவில் பிறந்து ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம். முதல் அடுக்கு பழுதில்லாமல் எரிந்து முடிந்தது. இரண்டாம் அடுக்கில் ராக்கெட் தலை சுற்றத் தொடங்கியது. 317 விநாடியில் எல்லாம் முடிந்து, 560 கிலோமீட்டருக்கு அப்பால் வங்கக் கடலில் விழுந்தது.

பத்திரிகைக்காரர்கள் முன்னால் சதீஷ் தவான் தோல்வியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். நல்ல கதைதான், பள்ளி ஆண்டு விழா தவறாமல் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட மறுநாள் நடந்தது பெரிதாகத் தோன்றுகிறது. ஆகஸ்ட் 11ஆம் தேதியே எழுபதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் உட்கார்ந்து பழுதைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். அதைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை.

அந்த ராக்கெட்டை யாரும் கீழிருந்து குச்சியை ஆட்டி ஓட்டவில்லை. திருப்பும் கட்டளைகள் அதற்குள்ளேயே பிறந்தன. ஆனால் உள்ளே நடப்பதை அது ரேடியோ வழியாகக் கீழே சொல்லிக்கொண்டே போகும். இதற்கு டெலிமெட்ரி என்று பெயர். பொருள் கடலடியில் கிடக்க, விஞ்ஞானிகளிடம் மிஞ்சியது அந்தப் பதிவுகள்தான். செருகியை மாற்றிச் செருகிப் பார்க்க வழியில்லை. நம் திண்ணை முறையிலேயே கேட்டுப் பார்ப்போம். திருப்பும் விசை வரவில்லை. கட்டளை வரவில்லையா? கட்டளை வந்திருக்கிறது. எரிபொருள் இல்லையா? எரிபொருளும் பாய்ந்திருக்கிறது. அது எரியத் துணையாக வரவேண்டிய நைட்ரிக் அமிலம்தான் இல்லை. வழியிலேயே வடிந்து போயிருந்தது. எரிபொருள் மட்டும் தனியாகப் பாய்ந்தால் விசை பூச்சியம்.

ஏன் வடிந்தது? ராக்கெட் கிளம்புவதற்கு 8 நிமிடம் முன்பு ஒரு மின்வால்வுக்கு முதல் கட்டளை போனது. வால்வு திறந்தது. உள்ளே ஏதோ அழுக்கு சிக்கியதால் மூடவில்லை. நான் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன பிரான்லியின் குழாய் இதுதான், தட்டிவிட ஒரு விரல் மட்டும் இல்லை.

இதில் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. கிளம்பும் முன்பே கணினி நிறுத்தச் சொன்னது என்றும், கசிவு இருந்தாலும் கையிருப்பு போதும் என்று வல்லுநர்கள் சொன்னதைக் கேட்டு, கணினியை மீறி அனுப்பும் முடிவைத் தான் எடுத்ததாகவும் கலாமே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். குடியரசுத் தலைவராகி ஓய்வு பெற்ற பிறகும் அதை மறைக்காமல் சொன்னார். வால்வின் பெயரில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். முப்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான், குறிப்பு எழுதும்போது தன் மேசையைத் தாண்டி அடுத்த மேசையில் பழியைத் தள்ளுகிற கலை எனக்குத் தெரியும்.

எஸ்.கே. ஆதித்தன் தலைமையில் நடந்த அந்த ஆய்வு, இத்தனை ஆயிரம் பாகங்களில் ஒரு வால்வு, அதில் ஒரு துளி அழுக்கு என்று விரல் வைத்துச் சொன்னது. அது தெரிந்ததால்தான் மொத்த ராக்கெட்டையும் சந்தேகிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. பதினோரு மாதம் கழித்து, 1980 ஜூலை 18 காலை 8 மணி 3 நிமிடத்துக்கு அடுத்த எஸ்.எல்.வி.-3 கிளம்பியது. இரண்டாம் அடுக்கு நேராகப் போனது. மூன்றாவது, நான்காவது அடுக்குகளும் முறையாக எரிந்து, 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டன. கலாமுக்கு அப்போது வயது 48.