ஆச்சிக்கு தொண்டை போச்சா?

எங்க ஊர்ப்பக்கம் சினிமா 'பார்த்தவங்களை' விட சினிமா 'கேட்டவங்க' அதிகம்னு சொன்னா சிரிப்பீங்க. ஆனா நிஜம். சிவகாசியைச் சுத்தி இருக்கிற தெருக்கள்ல அப்பல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் வேலை வீட்டுக்கே வரும். பொம்பளைங்க திண்ணையில உக்காந்து கட்டை அடுக்குவாங்க, பெட்டி ஒட்டுவாங்க. கண்ணும் கையும் வேலையில மாட்டிக்கிடும். சும்மா கிடக்கிறது காது ஒண்ணுதான். அந்தக் காதுக்குத் தீனி போட்டது ரேடியோ. ஞாயித்துக்கிழமை ஒலிச்சித்திரம் போட்டா தெருவே கப்சிப்னு ஆயிரும்.

எங்க பெரியம்மா இதுல ஒரு கில்லாடி. படம் பேரு தெரியாது, கதை தெரியாது, ஆனா ரெண்டு வரி வசனம் காதுல விழுந்தாப் போதும், "இது பாலையா", "இது ரங்காராவு", "இவ முத்துலட்சுமி"ன்னு அடிச்சு விடுவாக. நாங்க சின்னப் பசங்க இதை ஒரு வெளையாட்டாவே வச்சிருந்தோம். பெரியம்மா தோத்து நான் பார்த்ததே இல்லை, ஒரே ஒரு தடவை தவிர.

வீட்டுக்கு டிவி வந்த பிறகு ஒரு நாள் 'சின்னக்கவுண்டர்' ஓடுது. பெரியம்மா வழக்கம்போல டிவிக்கு முதுகு காட்டி உக்காந்து கை வேலையா இருக்காக. திடீர்னு, "யாருலே இந்தக் கெழவி? புதுசா இருக்கே தொண்டை?"ன்னாக. "ஆச்சி பெரியம்மா... மனோரமா!"ன்னேன். வெடுக்குனு திரும்பிப் பார்த்தாக. துருத்திக்கிட்டு இருக்கிற பல்லு, சுருக்கம், கொங்குப் பேச்சு. ரொம்ப நேரம் பார்த்துட்டு, "பாவம்... தொண்டை போயிருச்சே அவளுக்கு"ன்னு சொல்லிட்டு மறுபடி திரும்பிக்கிட்டாக.

அதை நானும் நம்பிட்டேன். ரொம்ப வருஷம். மனோரமாவுக்கு வயசாக ஆக குரல் கெட்டுப் போச்சு, கரகரத்துப் போச்சுன்னுதான் நானும் நாலு பேர்கிட்ட சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். சமீபத்துல அவங்க படங்களை வருஷ வரிசையில உக்காந்து (படத்தைப் பார்க்காம, காதுல மட்டும்) கேட்டேன். நான் சொன்னது முக்கால்வாசி தப்புன்னு புரிஞ்சுது. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஆரம்பக் கதை. மனோரமா 1937-ல மன்னார்குடியில பிறந்தவங்க. இயற்பெயர் கோபிசாந்தா. அம்மாவோட காரைக்குடி பக்கம் பள்ளத்தூருக்கு வந்து வளர்ந்தாங்க. 'ஆச்சி'ங்கிற பேரும் அந்தச் செட்டிநாட்டு வாடைதான். நாடகத்துக்குள்ள அவங்க நுழைஞ்சதே குரலை வச்சுத்தான். சின்ன வயசுலயே நல்லா பாடுவாங்க. நாடகத்துக்குப் பின்பாட்டு பாடப் போய், அப்படியே நடிக்க வந்தவங்க. 'பள்ளத்தூர் பாப்பா'ன்னு பேரு. அப்புறம் எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழு. கலைஞர் எழுதின 'மணிமகுடம்' மாதிரி நாடகங்கள்.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். அந்தக் கால நாடக மேடையில பேசறதுன்னா சும்மா இல்லை. மைக் இருந்தாலும் ஒண்ணோ ரெண்டோதான், மேலே தொங்கும். நடிகர் நகர்ந்தா சத்தம் போயிடும். கடைசி வரிசையில தரையில உக்காந்திருக்கிறவனுக்கும் கேக்கணும்னா குரலை மேல ஏத்தி, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியா அறுத்துப் பேசணும். திராவிட இயக்க நாடகம்னா அடுக்குமொழி வேற. மூச்சு பிடிக்காம அந்த வசனத்தைப் பேச முடியாது.

1958-ல கண்ணதாசன் தயாரிச்ச 'மாலையிட்ட மங்கை'யில மனோரமா சினிமாவுக்கு வர்றாங்க. கதாநாயகி ஆகணும்னு இருந்தவங்களை காமெடிக்குத் திருப்பி விட்டதே கண்ணதாசன்தான். அந்த ஆரம்பப் படங்களைக் கேட்டுப் பாருங்க, இன்னும் மேடையிலயே நிக்கிற குரல். உச்சத்துல, மணி மாதிரி, கணீர்னு இருக்கும். 1963-ல மாடர்ன் தியேட்டர்ஸ் 'கொஞ்சும் குமரி'யில கதாநாயகியாவே நடிச்சாங்க. அதுலயும் அதே கணீர்தான். ஆனா கதாநாயகி நாற்காலி அவங்களுக்கு நிலைக்கலை. மறுபடி காமெடிக்கு வந்தாங்க. அது நமக்கு நல்லதாப் போச்சுன்னு நான் சொல்லுவேன், ஏன்னா குரலை வச்சு வெளையாடற சுதந்திரம் காமெடியில மட்டும்தான் இருந்துச்சு. கதாநாயகி ஒரே மாதிரி அழகாப் பேசணும். சிரிப்பு நடிகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இப்ப நம்ம ஊர்க்காரர் ஒருத்தரை நடுவுல இழுக்கிறேன். வி.கே.ராமசாமி. 'வி' விருதுநகர்தான். 1926-ல பிறந்தவர். 1947-ல ஏவிஎம்மோட 'நாம் இருவர்' வந்தப்ப அவருக்கு 21 வயசு. ஆனா அதுல அவர் நடிச்சது வயசான வியாபாரி! மனோரமாவும் 'மாலையிட்ட மங்கை' வந்த வருஷம் 21 வயசுதான். ரெண்டு பேரும் நாடகத்துல இருந்து வந்தவங்க, ரெண்டு பேரும் சிரிப்பு, ரெண்டு பேரும் ஒரே வயசுல சினிமாவுக்குள்ள. ஆனா வி.கே.ஆர் தொண்டை 21-லயே கிழவன் தொண்டை. 2002-ல அவர் இறக்கிற வரைக்கும் கிட்டத்தட்ட அதே இழுவை, அதே அங்கலாய்ப்பு. எந்த ஊர்க்காரரா நடிச்சாலும் கேட்ட உடனே வி.கே.ஆர்னு தெரிஞ்சிரும். அது ஒரு வகைத் திறமை. 'காசி யாத்திரை' (1973) படத்துல ரெண்டு பேரும் மோதுறதைக் கேளுங்க. அவர் அசையாம நிப்பார், இவங்க அவரைச் சுத்திச் சுத்தி குரலை ஏத்தி இறக்கிக்கிட்டே இருப்பாங்க. தூணும் பம்பரமும் மாதிரி.

சரி, முக்கியமான இடத்துக்கு வர்றேன். 1967, 1968. இந்த ரெண்டு வருஷத்தை மட்டும் எடுத்துக்கிட்டாலே என் பழைய வாதம் பணால்.

1967-ல பாலசந்தரோட 'அனுபவி ராஜா அனுபவி'. நாகேஷுக்கு ரெட்டை வேஷம். அதுல மனோரமா தூத்துக்குடிப் பொண்ணு. நம்ம தெக்கத்திப் பேச்சு. எங்களுக்கு ரொம்ப தூரமில்லாத ஊரு. அந்த 'ஏ...' இழுவை கொஞ்சம் தப்பினாலும் எங்காளுங்க கண்டுபிடிச்சு நக்கலடிச்சிருவாங்க. எங்க தெருவுல யாரும் நக்கலடிக்கலை.

1968-ல 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு கதை, ஏ.பி.நாகராஜன் படம். ஜில் ஜில் ரமாமணி. நாடகக்காரி வேஷம். கொஞ்சம் மூக்கால, கொஞ்சம் குழைஞ்சு, வார்த்தையோட கடைசியில ஒரு சின்ன இழுப்பு. தான் வளர்ந்த நாடகக் கொட்டகையையே கேலியும் பாசமுமா ஒரு குரலுக்குள்ள அடைச்சிருப்பாங்க. மேடையில அவங்க பேசின அந்த 'கணீர்' இப்ப கிண்டல் பொருளா மாறி நிக்குது. அதே சமயம் அந்த ரமாமணி மேல நமக்கு இரக்கமும் வருது. சிவாஜி, பத்மினி, பாலையான்னு ஜாம்பவான்கள் நிறைஞ்ச படத்துல கொஞ்ச நேரமே வந்துட்டு, இன்னிக்கு வரைக்கும் ஞாபகத்துல நிக்கிறாங்கன்னா அதுல பாதி அந்தக் குரல்.

அதே 1968-ல 'பொம்மலாட்டம்'. சோவோட சேர்ந்து மெட்ராஸ் பாஷை. வி.குமார் இசையில அந்த மெட்ராஸ் பாஷைப் பாட்டை சொந்தக் குரல்லயே பாடியிருக்காங்க. 'அனுபவி ராஜா அனுபவி'யிலயும் 'தில்லானா'விலயும் பாட்டுக்குக் குரல் எல்.ஆர்.ஈஸ்வரி. இங்க ஆச்சியே. தொண்டையோட அடியில இருந்து, கொஞ்சம் கரகரப்பா, அலட்சியமா வர்ற குரல். 31 வயசுல!

கவனிச்சீங்களா? 'கரகரப்பு' வயசானப்ப வந்தது இல்லை. 1968-லயே அவங்க கையில இருந்த ஒரு கருவி அது. வேணும்னா எடுப்பாங்க, வேணாம்னா வச்சிருவாங்க.

அப்ப வயசு எதுவுமே செய்யலையான்னா, செஞ்சிருக்கு. பொதுவா ஐம்பதை ஒட்டி பெண்களோட குரல் கொஞ்சம் கீழ இறங்கும். ஹார்மோன் மாற்றத்துல குரல் நாண்கள் தடிக்கிறதுதான் காரணம். மனோரமாவுக்கும் எழுபதுகளோட அந்த மேல்ஸ்தாயி மணிச்சத்தம் எண்பதுகள்ல அப்படியே கிடைக்கலை. இன்னொண்ணு, வேலை. 1985-க்குள்ள ஆயிரம் படங்கள்னு கின்னஸ்ல போட்டாங்க. சினிமாவுக்கு வந்து 27 வருஷம்னு வச்சாலும் வருஷத்துக்கு 37 படம் வருது, பத்து நாளைக்கு ஒண்ணு. அவ்வளவு வசனம் பேசின தொண்டை அது. நம்ம வீட்டு மிக்ஸி கூட அப்படி ஓடினா சத்தம் மாறும் :)

மூணாவது, தொழில் மாறுச்சு. நாடகத்தனமான செட்டுகள்ல இருந்து சினிமா வெளியில வந்துச்சு. '16 வயதினிலே' (1977) வந்த பிறகு கிராமத்துத் தெருவுலயே போய் எடுக்கிறது பெருகிச்சு. அங்க எடுக்கிற படத்துக்கு வசனத்தை அப்புறமா டப்பிங் தியேட்டர்ல, மைக்குக்குப் பக்கத்துல நின்னு பேசினாங்க. கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு கத்த வேண்டியதில்லை. முணுமுணுத்தாலும் பதிவாகும். ஒரு பெருமூச்சு கூட பதிவாகும். மேடையில வளர்ந்த நிறைய பேருக்கு இந்த மாற்றம் ஒத்து வரலை. மைக் முன்னாடியும் அதே கொட்டகைச் சத்தத்துலயே பேசினாங்க. மனோரமா குரலை இறக்கிட்டாங்க.

1986-ல விசுவோட 'சம்சாரம் அது மின்சாரம்'. வேலைக்காரி கண்ணம்மா. மறுபடி மெட்ராஸ் பாஷைதான், ஆனா 'பொம்மலாட்டம்' குரல் இல்லை. அதுல விளையாட்டு இருந்துச்சு. இதுல அந்த வீட்டுல உரிமை எடுத்துக்கிட்ட ஒரு பொம்பளையோட அதட்டல் இருக்கு. பதினெட்டு வருஷ இடைவெளி அந்த ஒரே பாஷைக்குள்ள தெரியுது. 1988-ல 'பாட்டி சொல்லைத் தட்டாதே'. 1989-ல பார்த்திபனோட 'புதிய பாதை'. அதுக்குத்தான் துணை நடிகைக்கான தேசிய விருது. 1992-ல 'சின்னக்கவுண்டர்', எங்க பெரியம்மா ஏமாந்த இடம். கொங்குப் பேச்சு, வாயில கட்டின பல்லு. பல்லு கட்டினா நாக்கு போற பாதையே மாறும், எழுத்து உருளும். பெரியம்மா காதுல விழுந்தது 'போன தொண்டை' இல்லை, ஆச்சி செஞ்சு வச்ச தொண்டை.

இதுக்கு என்ன சாட்சிங்கிறீங்களா? 1990-ல வந்த 'நடிகன்'. வேஷம் போட்ட சத்யராஜைப் பார்த்து வெக்கப்படுற பேபி அம்மா. 53 வயசுல அந்தச் சின்னப்பொண்ணு குழைவு, அந்தக் கொஞ்சல், எல்லாம் அப்படியே வருது. 'புதிய பாதை'க்கும் 'சின்னக்கவுண்டரு'க்கும் நடுவுல இப்படி ஒரு குரல். தொண்டை போனவங்களால முடியுமா?

டெல்டாவுல பிறந்து, செட்டிநாட்டுல வளர்ந்து, தூத்துக்குடி, மெட்ராஸ், கொங்குன்னு தமிழ்நாட்டையே தொண்டைக்குள்ள சுத்தி வந்த ஒருத்தரை, 2002-ல பத்மஸ்ரீ வாங்கின ஒருத்தரை, 'வயசாகி கரகரத்துப் போச்சு'ன்னு ஒரு வரியில நான் முடிச்சு வச்சிருந்தேன். ஆம்பளை நடிகர் குரல் மாத்தினா 'என்னா மாடுலேஷன்!'ங்கிறோம். பொம்பளை மாத்தினா 'தொண்டை போச்சு'ங்கிறோம். சிவாஜி குரலைப் பத்தி எழுதினதுல பத்துல ஒரு பங்காவது ஆச்சி குரலைப் பத்தி எழுதியிருக்கோமா? 2015 அக்டோபர் 10-ம் தேதி அவங்க இறந்தப்ப கூட எல்லாரும் எண்ணிக்கையைத்தான் சொன்னோம். இத்தனை படம், இத்தனை முதல்வர்களோட நடிச்சவங்கன்னு. குரலைப் பத்தி நானும்தான் ஒண்ணும் எழுதலை.

போன தடவை ஊருக்குப் போனப்ப பெரியம்மாகிட்ட பழைய வெளையாட்டை ஆடிப் பார்த்தேன். இப்ப கட்டை அடுக்குறது இல்லை, கை நடுங்குது. காது மட்டும் கத்தி மாதிரி இருக்கு. போனை முதுகுக்குப் பின்னாடி வச்சு 'நடிகன்' காட்சி ஒண்ணை ஓட விட்டேன்.

"மனோரமா"ன்னாக உடனே. "சின்னப் புள்ளையா இருந்தப்ப நடிச்சது. நாகேசு கூட வந்த படமா இருக்கும்."

"இல்லை பெரியம்மா. சின்னக்கவுண்டருக்கு ரெண்டு வருஷம் முந்தினது. நீங்க தொண்டை போச்சுன்னீங்களே, அதே ஆளு."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாக: "அடிப்பாவி... அப்ப என்னையவே ஏமாத்திப்புட்டாளா!"

அவ்வளவு சந்தோஷமா தோத்த ஆளை நான் பார்த்ததில்லை.

பி.கு: நேரம் இருந்தா 'தில்லானா'வையும் 'பொம்மலாட்ட'த்தையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. கண்ணை மூடிக்கிட்டு. ரெண்டும் ஒரே வருஷம், ஒரே ஆளுன்னு நம்பறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.