ஏழு லட்சம் ரூபாயும் ஒரு கையெழுத்தும்: ராமநாதன் கிருஷ்ணன் கதை

புதுச்சேரிக்காரர்களுக்கு 1954, 1962 என்ற இரண்டு வருஷமும் மனப்பாடம். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் வாக்கெடுப்பு. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் நம் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி நாம் இந்தியாவானது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். நடுவில் எட்டு வருஷம், நடைமுறையில் ஒன்று, காகிதத்தில் இன்னொன்று.

இதே மாதிரி ஒரு இரட்டை வாழ்க்கையை டென்னிஸ் உலகமும் ரொம்ப காலம் வாழ்ந்தது. அதில் நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் மாட்டிக்கொண்டார். அவர்தான் ராமநாதன் கிருஷ்ணன்.

1937-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். அப்பா டி.கே. ராமநாதனும் டென்னிஸ் வீரர், மகனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. கீழூர் வாக்கெடுப்புக்குச் சில மாதம் முன்னால், அதே 1954-ல், விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை கிருஷ்ணன் ஜெயித்தார். இறுதிப் போட்டியில் தோற்றவர் ஆஷ்லி கூப்பர். அந்தக் கூப்பர் 1958-ல் பெரியவர்கள் பட்டத்தையே வாங்கினார் என்றால், நம்ம பையன் யாரை அடித்தான் என்று புரியும்.

இப்போ அந்தக் காலத்து விதியைச் சொல்கிறேன். விம்பிள்டன், டேவிஸ் கோப்பை இதெல்லாம் 'அமெச்சூர்'களுக்கு மட்டும்தான், அதாவது காசுக்காக ஆடாதவர்களுக்கு. பரிசுப் பணம் கிடையாது, கோப்பைதான். காசு வேண்டும் என்றால் அமெரிக்காவின் ஜாக் கிராமர் மாதிரி ஒரு ஏற்பாட்டாளரிடம் ஒப்பந்தம் போட வேண்டும். நாடகக் கம்பெனி மாதிரி ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து விம்பிள்டன் கதவு மூடிவிடும், நாட்டுக்காகவும் ஆட முடியாது.

சரி, அமெச்சூர்கள் காசே வாங்கவில்லையா? 'செலவுக்கு' என்ற பெயரில் பல பெரிய வீரர்களுக்கு மேஜைக்கு அடியில் பணம் போனது டென்னிஸ் உலகமே அறிந்த ரகசியம். நம்ம எட்டு வருஷம் மாதிரியேதான், நடைமுறை வேறு, காகிதம் வேறு.

1959-ல் கிருஷ்ணனுக்கு வயது 22. டேவிஸ் கோப்பையில் ராட் லேவரையே தோற்கடித்தார். கிராமர் கூப்பிட்டார், மூன்று வருஷத்துக்கு 1,50,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல். கிருஷ்ணன் வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த வருஷம் இன்னொருவருக்கு அதே கேள்வி வந்தது. வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீயில் பிறந்த மைக் டேவிஸ், கிருஷ்ணனைவிட ஒரு வயது மூத்தவர். 1960 விம்பிள்டன் இரட்டையர் இறுதிப் போட்டி வரை போனவர். அவர் கையெழுத்துப் போட்டார். நாட்டு அணியில் இடம் போனது, விம்பிள்டனும் போனது.

வேண்டாம் என்ற கிருஷ்ணனுக்கு என்ன கிடைத்தது? 1960-ல் விம்பிள்டன் அரையிறுதி, நீல் ஃப்ரேசரிடம் தோல்வி. 1961-ல் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தி மறுபடி அரையிறுதி, இந்தத் தடவை லேவரிடம் தோல்வி. இரண்டு முறையும் அவரைத் தோற்கடித்தவர்தான் சாம்பியன். 1962-ல் நான்காம் நிலை வீரராக இறங்கினார், கணுக்கால் காயம் பாதியில் வெளியேற்றியது. அடுத்த மாதம் நம்ம ஊர் காகிதத்திலும் இந்தியாவானது. ஆண்கள் ஒற்றையரில் வேறு எந்த இந்தியரும் இன்றுவரை அங்கே அரையிறுதி பார்த்ததில்லை.

ஆனால் எனக்குக் கேட்டால், அந்த ஏழு லட்சத்துக்கு ஈடான நாள் 1966-ல் கல்கத்தாவில் வந்தது. டேவிஸ் கோப்பையில் பிரேசிலோடு மோதல், கணக்கு 2-2. கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோச்சிடம் கிருஷ்ணன் இரண்டு செட்டுக்கு ஒன்று பின்னால், நான்காவது செட்டில் 2-5. அங்கிருந்து திரும்பி வந்து ஜெயித்தார்! இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். அந்த ஒரு வெற்றி எது தெரியுமா? ஜெய்தீப் முகர்ஜியோடு சேர்ந்து நியூகோம்ப், ரோச் ஜோடியை கிருஷ்ணன் வீழ்த்திய இரட்டையர் ஆட்டம். 1959-ல் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த இரண்டு நாளும் அவருக்கு இல்லை.

1968-ல் விதி உடைந்தது. எல்லாரும் ஆடலாம், காசும் வாங்கலாம். அந்த வருஷ விம்பிள்டன் சாம்பியன் லேவருக்கு 2,000 பவுண்டு. கிருஷ்ணனுக்கு அப்போ 31 வயது, உச்சம் கடந்துவிட்டது. பின்னாளில் சென்னையில் கேஸ் ஏஜென்சி நடத்தினார். மகன் ரமேஷ் 1979-ல் அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை ஜெயித்து, சட்டப்படியே தொழில்முறை வீரராக வாழ்ந்தார். மைக் டேவிஸ் தொழில்முறை டென்னிஸின் நிர்வாகத்துக்குப் போய், மஞ்சள் பந்தையும் கலர் சட்டையையும் கொண்டுவந்தவர்களில் ஒருவரானார்.

யார் செய்தது சரி? இரண்டு பேர் மேலும் எனக்குக் குறை இல்லை. என் வருத்தமெல்லாம் அந்த விதி மேல்தான். உண்மை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, காகிதம் தாமதமாக வந்தால், அந்த இடைவெளியில் வாழ்கிறவர்கள்தான் விலை கொடுக்கிறார்கள். நம்ம ஊருக்கு அது எட்டு வருஷம். கிருஷ்ணனுக்கு அது ஆடக்கூடிய வயசு முழுக்க.