மகமைக் கணக்கும் தமிழிசையும்: ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடை

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர், போச்சம்பள்ளிப் பக்கம் பாரதக் கூத்து வைக்க ஊர், வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடும். வசூலான பணம் அந்தத் திருவிழாவோடு தீர்ந்துவிடும். அடுத்த முறை மறுபடி வீடு வீடாகப் போக வேண்டும். கானாடுகாத்தானில் 1881இல் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் கலைக்குக் கண்ட வழி வேறு. அவரை வள்ளல் என்று போற்றுவோரும் வட்டிக்கடைக்காரர் என்று ஒதுக்குவோரும் அந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். அவருடைய கொடையின் வடிவமே வட்டித் தொழிலிலிருந்து வந்தது என்பது என் வாதம்.

அவர் பிறந்த சமூகமான நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் 'கொண்டுவிக்க', அதாவது வட்டித் தொழில் செய்ய, போனார்கள். மேலாள் (முகவர்), அடுத்தாள் (உதவியாளர்) என்று பெட்டியடியில் (கடையில்) மூன்றாண்டுத் தவணை உழைத்துத் திரும்பினார்கள். குடும்பம் செட்டிநாட்டில் இருக்க, முதல் இரங்கூனில் இருந்தது. போன ஊரெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். அதற்குரிய பணத்துக்குக் கடை ஏட்டில் மகமை என்று தனிக் கணக்கு உண்டு. தொழில் நடக்கும் வரை தர்மமும் நடக்கும் ஏற்பாடு அது.

இந்தப் பழக்கத்தைக் கோயிலிலிருந்து கல்விக்கும் இசைக்கும் நகர்த்தியவர் அண்ணாமலைச் செட்டியார். சமஸ்தானங்களில் வித்துவானுக்குப் பொன்னும் மானியமும் கிடைத்தன. அரசர் மாறினால் ஆதரவும் மாறியது. செட்டியாரோ சிதம்பரத்தில் தாம் நிறுவிய கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயையும் பல்கலைக்கழகம் அமைக்க அரசிடம் ஒப்படைத்தார். 1929இல் பல்கலைக்கழகம் எழுந்தது. அதே ஆண்டில்தான் செட்டிநாடு வங்கியும் ராஜா பட்டமும். 1932இல் இசைக் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. டைகர் வரதாச்சாரியார் போன்றோர் அதற்குத் தலைமை தாங்கினர். வித்துவானுக்கு மாதச் சம்பளம், மாணவனுக்குப் பாடத்திட்டம், தமிழ்ப் பாட்டுக்குச் சுரக்குறிப்போடு அச்சு என்று ஏற்பாடுகள் வளர்ந்தன. 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது.

தெலுங்குப் பாட்டு மிகுந்திருந்த கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டைக் கேட்ட இந்தத் தமிழிசை இயக்கம் தெலுங்கின் மேல் கொண்ட பகை என்று அன்றே ஒரு பேச்சு எழுந்தது. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. இயக்கத்தை ஆதரித்த ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் மண் அது. கேட்பவனுக்குப் பொருள் விளங்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கே பிறந்தவருக்கு இயல்பாகவே பட்டிருக்கும்.

முதல் எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கேயே பேசியாக வேண்டும். 1930இல் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத பர்மிய உழவர்களின் ஈடு நிலங்கள் கடைகளின் பெயருக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கடைகளிடம் இருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு; 1938இல் 25 விழுக்காடு. எந்த ஒரு கடையும் தனியாகச் செய்ததல்ல இது. ஆயினும் ஐராவதி வயல்களில் விளைந்த வட்டி சிதம்பரத்தில் பாடம் நடத்த உதவியது என்பதை மறைத்து எழுதும் வாழ்க்கை வரலாறு அரைக் கணக்குதான். அந்த உழவர்களின் பெயர் நம் இசை வரலாற்றில் எங்கும் இல்லை என்பது என்னை உறுத்துகிறது.

1948 ஜூனில் செட்டியார் காலமானார். அதே ஆண்டில் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு, 1949இல், தமிழ் இசைச் சங்கம் பண் ஆராய்ச்சியைத் தொடங்கியது.