மறைந்திருந்த நூல்கள்

தமிழில் ‘மறை’ என்றால் வேதம். ‘ஒளித்து வை’ என்பதும் அதன் பொருளே. கிரேக்கத்தில் ‘அப்போக்ரிப்போஸ்’ என்றொரு சொல் உண்டு. ‘மறைத்து வைக்கப்பட்டது’ என்று பொருள். நம் மொழியில் மேன்மை பெற்ற கருத்து அங்கே இகழ்ச்சிக்கு உள்ளாயிற்று. அது எவ்வாறு நேர்ந்தது?

புதிய ஏற்பாட்டில் இச்சொல் மூன்று இடங்களில் வருகிறது. ஓரிடத்திலும் இகழ்ச்சி இல்லை. மறைந்திருப்பது வெளியாகாமல் போகாது என்று ஆண்டவர் மொழிந்ததை மாற்கும் (4:22) லூக்காவும் (8:17) எழுதியுள்ளனர். ஞானத்தின் செல்வங்களெல்லாம் கிறிஸ்துவில் மறைந்துள்ளன என்கிறது கொலோசையர் திருமுகம் (2:3).

இரண்டாம் நூற்றாண்டில் சில பிரிவினர், தங்களிடமே இரகசியப் போதனை உள்ளதென்று கூறிப் புதுப்புது நூல்களை உலவவிட்டனர். கி.பி. 180-ஐ ஒட்டிப் புனித இரனேயு அவற்றைக் கண்டித்தார். ‘மறைவானது’ என்பதில் ‘போலியானது’ என்ற பொருள் ஏறிற்று.

பின்னர்ப் புனித ஜெரோம், எபிரேயத் தொகுப்பில் இல்லாத தோபித்து, யூதித்து, சீராக்கின் ஞானம் முதலியவற்றையும் இச்சொல்லாலேயே குறித்தார். ஆயினும் தோபித்தையும் யூதித்தையும் அவரே இலத்தீனில் பெயர்த்தார். 1534-இல் லூத்தர் தம் விவிலியத்தில் இந்நூல்களைத் தனியே பிரித்து, வாசிக்க நல்லவை, ஆனால் மறைநூலுக்கு நிகரல்ல என்றார். 1546 ஏப்ரல் 8-இல் திரிதெந்து பொதுச்சங்கம் இவையும் மறைநூலே என அறுதியிட்டது.

பல நூற்றாண்டுகளாகக் காணாதிருந்த சீராக்கின் எபிரேய ஏடுகள் 1896-இல் அடையாளம் காணப்பட்டன. அவை கிடைத்தது கெய்ரோ நகரின் யூதத் தொழுகைக்கூடத்தில், பழைய ஏடுகளை மரியாதையுடன் மறைத்து வைக்கும் அறையில்! 1952-இல் சாக்கடலோரக் கும்ரான் குகையொன்றில் தோபித்து நூலின் அரமேய, எபிரேயச் சுருள்களின் துண்டுகள் வெளிப்பட்டன.

தமிழகத்தில் சீர்திருத்த சபைச் சகோதரர்கள் இந்நூல்களைத் ‘தள்ளுபடியாகமம்’ என்பர். ஆயினும் அவர்களும் நாமும் கூடி உருவாக்கிய 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் இவை ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்ற பெயரில் இடம்பெற்றன. பழைய வழக்கொன்று அன்புடன் அணுகப்பட்டதற்கு இது சான்று.

நமக்கு இன்னும் ஒரு கடன் உண்டு. திருச்சபை காத்துத் தந்த நூல்களை நாமே திறவாதிருந்தால், அவற்றை மறைத்தவர்கள் நாமல்லவா? சீராக்கின் ஓர் அதிகாரத்தையேனும் நாள்தோறும் குடும்பமாக வாசிப்போம். அலமாரியில் மறைந்திருப்பது நம் இல்லத்தில் வெளிப்படட்டும்.