விலங்கு என்னும் காவல்

விலங்கு என்ற சொல்லுக்கு மிருகம், தளை என இரு பொருள் உண்டு. வகுப்பில் இச்சொல்லை விளக்க நேரும்போதெல்லாம் என் மனம் ஏர்வாடிக்குச் சென்றுவிடுகிறது.

2001 ஆகஸ்ட் 6. விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளுக்கென நடத்தப்பட்ட தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோரில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். எழுந்து ஓட இயலாமல் மாண்டவர்களும் பின்னர் இறந்தவர்களுமாக 28 பேர் உயிரிழந்தனர்.

அவ்வூர்த் தர்காவில் தங்கி வழிபட்டால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக உண்டு. சமய வேறுபாடின்றி மக்கள் அங்கு வந்தனர். நோயாளியுடன் மாதக்கணக்கில் தங்க இயலாத குடும்பங்கள், பணம் கொடுத்துக் காப்பகங்களில் விட்டுச் சென்றன. ஓடிவிடுவார், எவரையேனும் அடித்துவிடுவார் என்பதே சங்கிலிக்குச் சொல்லப்பட்ட நியாயம். கட்டியவர்களைக் கொடியவர்கள் என்று தூற்றிவிட்டு நகர்வது எளிது. ஆனால் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் அச்சங்கிலியைப் பாதுகாப்பு என்றே நம்பினார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

இந்நம்பிக்கை ஏர்வாடியில் மட்டும் தோன்றியதன்று. சென்னையில் 1794-லேயே மனநோயாளர் விடுதி அமைந்தது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. 1858, 1912 ஆம் ஆண்டுச் சட்டங்கள் நோயாளியை எவ்வாறு அடைத்துவைப்பது என்பதிலேயே பெரிதும் கவனம் செலுத்தின. சமூகத்தை அவரிடமிருந்து காப்பதே அவற்றின் முதற்கவலை. 1987-இல் இயற்றப்பட்டு 1993-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், இத்தகைய இல்லங்கள் உரிமம் பெறவேண்டும் என்றது. ஏட்டில் இருந்த அவ்விதி ஏர்வாடியின் கொட்டகைகளை எட்டவில்லை.

தீவிபத்துக்குப் பின் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சில நாட்களிலேயே அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுதல் கூடாது எனத் தெளிவாகத் தடுத்தது. அதைவிடவும் முக்கியமானது ஒன்று உண்டு. தமக்கு மனநோய் நேர்ந்தால் எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதை வயது வந்த எவரும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தம் சார்பில் பேசுபவர் ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். நோயாளியின் விருப்பத்துக்கும் ஒரு மதிப்புண்டு என்று சட்டம் ஏற்க இத்தனை காலம் ஆயிற்று!

ஒருவரைக் காப்பது வேறு, அவருடைய சுதந்திரம் வேறு என்று நாம் எண்ணுகிறோம். அந்த விடியலில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கால்கள் கட்டப்படாதிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். இன்றும் நினைவு தடுமாறும் முதியவரை நல்லெண்ணத்தோடுதான் அறையில் பூட்டிவிட்டு வேலைக்குச் செல்கிறோம். பூட்டும் முன்பு, உள்ளே இருப்பவர் எப்படி வெளியேறுவார் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமா?