செம்புக் கம்பியில் தைத்த படகு

விழா மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நம் வாலிபர்கள், "பங்கு வரலாற்றை வேறொருவர் எழுதிவிட்டார், சாமி, உங்களுக்குப் பிடித்த சரித்திரம் ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். எனக்குப் பிடித்தது எது என்பதை அறைவீட்டின் பின்கட்டில் கிடக்கும் பலகைகளே சொல்லிவிடும். ஆகவே, கயாக் என்னும் சிறுபடகைக் கையில் காசு குறைந்தவர்கள் வீட்டிலேயே கட்டக் கற்றுக்கொண்ட கதையை எழுதுகிறேன்.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ கால் நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் அலகுள்ள ஒரே துடுப்பால் செலுத்தும் ஒடுக்கமான படகு. மேல்தளமும் மூடியிருக்கும். வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களே இதை முதலில் கட்டியவர்கள். கிரீன்லாந்தில் படகுக்கு உதவும் மரம் வளர்வது மிக அரிது. கடல் அடித்து வந்து ஒதுக்கிய மரத்துண்டுகளைச் சட்டமாகக் கட்டி, அதன்மேல் சீல் தோலைத் தைத்துப் போர்த்தினார்கள். முழக்கோல் கிடையாது. ஓட்டுகிறவனின் கைவிரிப்பு மூன்று மடங்கு நீளம். இடுப்போடு இரண்டு கைமுட்டி சேர்ந்தது அகலம். ஒருவன் படகு அவனுக்கே அளவெடுத்த சட்டை!

ஐரோப்பாவில் 1905-ஆம் ஆண்டு, மியூனிக் நகரில் கட்டடக்கலை படித்துவந்த ஆல்பிரெட் ஹாயிரிக் என்ற மாணவர், மூங்கில் கழிகளும் பாய்த்துணியும் கொண்டு மடக்கக்கூடிய கயாக் ஒன்றைச் செய்து ஈசார் ஆற்றில் செலுத்தினார். 1907-ல் அதன் உரிமையை வாங்கியவர் ரோசன்ஹைம் ஊரின் தையற்காரர் யோகான் கிளெப்பர். தோலும் துணியும் தைக்கும் படகு தையற்காரர் கைக்குப் போனது பொருத்தமே அன்றோ!

துணிப்படகு மலிவு, ஆனால் பாறையில் உரசினால் கிழியும். மரப்படகு உறுதி, ஆனால் அதற்கு விலா எலும்பு போல் வளைந்த சட்டங்கள் வேண்டும், அச்சு வேண்டும், கைதேர்ந்த ஆசாரி வேண்டும். இந்த முட்டுக்கட்டையை நீக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கென் லிட்டில்டைக் என்னும் பள்ளி ஆசிரியர். 1960-களின் தொடக்கத்தில் அவர் கண்ட வழி இதுதான்: பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகையைக் கணக்குப்படி வளைவாக வெட்டி, விளிம்பை ஒட்டிச் சிறு துளைகள் இட்டு, பலகையோடு பலகையைச் செம்புக் கம்பியால் தைத்து முறுக்கினார். சட்டைக்காரர் தட்டையான துணியைத் தோளுக்கும் கைக்கும் வெட்டித் தைத்தால் மனித உருவம் எழுகிறதல்லவா? அதுபோல, வளைவு விளிம்புகள் இரண்டும் நெருங்க நெருங்கப் படகு தானே எழுந்து நிற்கும். அச்சு தேவையில்லை. பின்னர் மூட்டுகளின்மேல் கண்ணாடி நார் நாடாவை ரெசினில் தோய்த்து ஒட்டி, அது இறுகியபின் வெளியே நீட்டிய கம்பியை நறுக்கிவிடவேண்டியதுதான்.

இம்முறையை ஊரறியச் செய்தது வேறொரு படகு. வீட்டு மராமத்து வேலைகளைத் தொலைக்காட்சியில் கற்றுக்கொடுத்துப் பெயர்பெற்ற பாரி பக்னெல் என்பவரும், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட் என்பவரும் சேர்ந்து 1962-ல் 'மிரர்' என்ற பாய்ப்படகை அமைத்தார்கள். டெய்லி மிரர் நாளிதழ் அதற்குத் துணைநின்றது. பாய் சிவப்பு நிறம். வெட்டிய பலகைகள் அடங்கிய பெட்டியின் விலை 63 பவுன் 11 ஷில்லிங். வாங்கியவர்கள் வண்டிக் கொட்டகையிலும் வீட்டுக்கூடத்திலும் தைத்தார்கள். அவ்வகைப் படகுகள் 70,000-க்கு மேல் கட்டப்பட்டன.

தையல் நமக்குப் புதிதல்ல. சென்னையில் துறைமுகம் அமையுமுன், கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளையும் சரக்கையும் அலை கடத்திக் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி இல்லை, விலாச்சட்டமும் இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை மோதும்போது அவை நெகிழ்ந்துகொடுக்கும், உடையா. ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். மசூலாவில் கயிறே மூட்டு. லிட்டில்டைக் முறையில் கம்பி, பசை இறுகும்வரைதான் வேலைக்காரன்.

அந்த ஒட்டுமுறை நம் கரைக்கும் வந்தது. கட்டுமரத்துக்கான மரம் அரிதாகி விலை ஏறிவந்த நாட்களில், பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜில்லே குமரி மாவட்டக் கடற்கரையில், முட்டத்தில், மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டிக் கடலில் விட்டுச் சோதித்தார். தம் அனுபவங்களை 1985-ல் நூலாக எழுதியபோது, 'சிறியது கடினம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரையே அதற்கு இட்டார். அலையில் தள்ளி இறக்கும் படகின் மூட்டு எத்தனை அடி வாங்கும் என்பது மீனவருக்குத்தான் தெரியும். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் இவ்வகைப் படகுகளைக் கட்டித் தந்தது. 2004 சுனாமிக்குப்பின் கண்ணாடி நாரிழைப் படகுகள் கரையெங்கும் பெருகின.

என் சொந்தக் கதையையும் மறைக்கமாட்டேன். சில ஆண்டுகளுக்குமுன் முதல் கயாக்கைத் தைத்தபோது, காசை மிச்சம் பிடிக்க எண்ணி, "தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, சாமி" என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி மலிவான பலகை வாங்கினேன். குளத்தில் இரண்டு மாதம் அழகாக மிதந்தது. மழைக்காலம் முடிந்தபோது, நனைந்த ஜெபப்புத்தகம் போல் ஏடு ஏடாகப் பிரிந்தது! ஒரு சிறுதுண்டை வாங்கிக் கொதிநீரில் சில மணிநேரம் போட்டுப் பார்த்திருந்தால் பசையின் குணம் அன்றே தெரிந்திருக்கும். இப்போது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகைதான் வாங்குகிறேன். அதிலும் விளிம்பில் ரெசின் பூசாமல் விட்டால் தண்ணீர் அவ்வழியே உள்ளே போகும். மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு. துடுப்புக்கு நல்ல கழி போதும். இருக்கைக்குப் பழைய மெத்தைத்துண்டு போதும். மின்கம்பிக் கழிவை உரித்தால் செம்பு கிடைக்கும்.

இரண்டாவது படகின் பலகைகள் வெட்டித் தயாராக இருக்கின்றன. தைக்க இரண்டு கைகள் போதா. வரும் வாலிபர்கள் ஆளுக்கொரு குறடு கொண்டுவரவும்.